மலையகக் காதற்கதையும் கல்வியுரிமையும்

காதற்கதை என்றவுடன் அதனை வெறும் பொழுதுபோக்கு நூலென ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே பலர். காதலர் இருவர், அவர்க்குத் தடையாக ஒரு தந்தை, ஈற்றில் மணவினை அல்லது மரணம்: இவ்வளவே அதன் பொருள் என அவர்கள் கருதுவர். ஆயின், கல்வி யார் கையில் இருந்தது, யாருக்குக் கிட்டியது, யாருக்கு எட்டாது போயிற்று என்பவற்றையும் காதற்கதை காட்ட வல்லது. இதனை நம் மலையகத்தை முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

தமிழ் நாவல் தோன்றிய நாள் முதலே காதலும் கல்வியும் கைகோத்து நடந்தன. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதன் தலைவி ஞானாம்பாள் கற்றவள். ஆண்வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆளும் அறிவுடையவள். 1898இல் வெளிவந்த மாதவையாவின் 'பத்மாவதி சரித்திர'மும் பெண்கல்வியை வலியுறுத்துவதே. ஆயினும் ஞானாம்பாள் பெற்ற கல்வி செல்வர் மனையில் ஆசிரியரை அமர்த்திப் பெற்ற கல்வி. வீட்டில் ஆசிரியரை வைக்க இயலாத பெண்ணின் காதல் என்னாகும்? இவ்வினாவிற்கு விடை தேடுவோர் தேயிலைத் தோட்டங்களுக்கு வருதல் வேண்டும்.

1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. இங்கேதான் முரண்பாடு தொடங்குகின்றது. பிள்ளை பிரட்டுக்களத்தில் நின்று பேர் பதிந்தால் தோட்டத்துக்கு இலாபம். பாடசாலைக்குச் சென்றால் செலவு. இலாபத்தை நாடுபவரே செலவுக்கும் பொறுப்பாளர் ஆனார். எனவே தோட்டப் பாடசாலை பெரும்பாலும் ஓரறையும் ஓராசிரியரும் ஐந்தாம் வகுப்புமாக நின்றது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோதும் அதன் பயன் லயங்களை எட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்து வாக்குரிமை பறிபோனதாலும், பாடசாலை கேட்கும் குரலே பாராளுமன்றத்தில் அற்றுப்போயிற்று. 1947இல் எழுவரை அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரசு 1952இல் ஒருவரையும் அனுப்ப இயலாதாயிற்று. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே விடப்பட்டன.

இச்சட்டங்கள் காதலை எவ்வாறு தொடும் என வினவலாம். என் பாட்டியாரின் தங்கை ஒருவர் பத்து வயதிலேயே கொழுந்துக் கூடை சுமந்தவர். அவருக்கென நிச்சயிக்கப்பட்டவரின் குடும்பம், 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பின்னாளில் இந்தியாவுக்குச் சென்றது. அங்கிருந்து ஒரு கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டியவர் ஒரு கணக்கப்பிள்ளை. மறுநாள் கொழுந்து மடுவத்தில் அக்கடிதச் செய்தி அனைவர் வாயிலும் கிடந்தது. அவர் பதில் எழுதுவிக்கவே இல்லை. அகப்பாடல்களில் தலைவியின் மறையைக் காப்பவள் தோழி. அவள் தலைவி விரும்பி ஏற்றவள். இங்கோ மறையைப் பிறர் செவியிற் போட்டேயாகவேண்டிய நிலை. எழுத்தறிவு மறுக்கப்பட்டவருக்குத் தனிமையும் மறுக்கப்பட்டது என்க.

மலையகப் புனைகதைகளை இவ்வுண்மையை மனத்திற்கொண்டு கற்றல் வேண்டும். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964), சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்', என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' முதலியவற்றை, அவற்றில் வரும் அன்பையும் துன்பத்தையும் மட்டும் நோக்கிப் படித்துவிடுகின்றோம். ஒவ்வொரு மாந்தர் அறிமுகமாகும்போதும் 'இவர் பாடசாலையில் எத்தனை ஆண்டு இருந்தார், ஏன் நின்றார்?' என்று கேட்டுப் பார்த்தால் கதையின் பின்னுள்ள அரசியல் புலனாகும். அறுபதுகளில் 'தினகரன்', 'வீரகேசரி' இதழ்களில் மலையக இளைஞர் கதை எழுதத் தொடங்கியமையும் கல்வியின் விளைவே. எழுதுவோரும் வாசிப்போரும் தோன்றிய பின்னரன்றோ ஒரு மக்கள் தம் காதலைத் தாமே சொல்ல இயலும்?

தோட்டங்கள் எழுபதுகளில் அரசுடைமையான பின், 1977 முதலாகத் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின்கீழ் வந்தன. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்து ஆசிரியர்களை உருவாக்கி வருகின்றது. இன்று என் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவியர் தம் கடிதத்தைத் தாமே வாசிப்பர். எனினும் உயர்தர வகுப்பை எட்டுமுன் கொழும்புக்கு வேலைக்குச் செல்வோரின் இடம் ஆண்டுதோறும் வெறுமையாகின்றது.

மாணவர்காள்! உங்கள் இல்லத்து முதியோரை அணுகி, அவர்தம் மணவாழ்வு அமைந்த கதையைக் கேளுங்கள்; எந்த வகுப்போடு பாடசாலையை விட்டனர் என்பதையும் உடன் கேளுங்கள். இரண்டையும் ஒருங்கே எழுதி வையுங்கள். நாளை நல்லதொரு மலையக நாவலுக்கு அதுவே வித்தாகலாம்.