பிள்ளை படிக்கும் விளக்கு துடிக்கிறதா?

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை பூஜ்யத்தைத் தொட்டு எழும். பழைய குண்டு பல்பில் இது பெரிதாகத் தெரியவில்லை. சூடேறிய டங்ஸ்டன் இழை அந்த இடைவெளிக்குள் ஆறிவிடாது. எல்.இ.டி. அப்படியல்ல, மின்னோட்டம் நின்ற கணமே வெளிச்சமும் நின்றுவிடும். உள்ளே இருக்கும் டிரைவர் சுற்று மட்டமாக இருந்தால், நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும் விளக்கின் கீழ்தான் பிள்ளை உட்கார்ந்து கணக்குப் போடுகிறது.

துடிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் கெடுதல் இல்லை என்று விட்டுவிட முடியாது. இங்கிலாந்தில் ஆர்னால்ட் வில்கின்ஸ் குழுவினர் ஓர் அலுவலகத்தில் நடத்திய ஆய்வு 1989-ல் வெளிவந்தது. நொடிக்கு 100 முறை துடிக்கும் சாதாரண டியூப் லைட்டுகளை, நொடிக்குப் பல்லாயிரம் முறை இயங்கும் மின்னணு சோக் கொண்ட விளக்குகளோடு ஒப்பிட்டார்கள். துடிப்பு நீங்கிய வெளிச்சத்தில் தலைவலியும் கண் அசதியும் சராசரியாகப் பாதிக்கும் கீழே இறங்கின. எந்த விளக்கு எது என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியாது. அமெரிக்காவை மையமாகக் கொண்ட மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. 2015-ல் ஒரு பரிந்துரையை வெளியிட்டது. அதன்படி, நொடிக்கு 100 முறை துடிக்கும் விளக்கில் ஒளியின் ஏற்ற இறக்கம் 8 சதவீதத்துக்குள் இருந்தால் ஆபத்து குறைவு. 3 சதவீதத்துக்குள் இருந்தால் பாதிப்பே இல்லை எனலாம். மலிவான சில விளக்குகளில் இது 100 சதவீதத்தைத் தொடுகிறது. கண்ணுக்கே தெரியும்படி வெட்டி வெட்டி எரியும் பழுதான விளக்கு இன்னும் மோசம். ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு அது நேரடி ஆபத்து. உடனே அணைத்துவிட வேண்டும்.

நவி மும்பையின் சான்பாடாவில் சிட்கோ நகர வளர்ச்சிக் கழகத்தின் காலத்துச் சிறிய வீடுகளிலும், தாராவியில் கோலி எனப்படும் பத்துக்குப் பத்து ஓரறை வீடுகளிலும் இது சின்ன விஷயம் அல்ல. கட்டடத்தோடு கட்டடம் நெருங்கி நிற்கும் இடங்களில் பட்டப்பகலிலேயே சுவிட்சைத் தட்டியாக வேண்டும். எஸ்.எஸ்.சி. பரீட்சைக்கோ ஜே.இ.இ.-க்கோ படிக்கும் பிள்ளை தினமும் பல மணி நேரம் அந்த ஒரே விளக்கைத்தான் நம்பியிருக்கிறது. அதே கோலியில் தையல் மிஷினோ ஜரிகை வேலையோ நடந்தால், அம்மாவின் கண்ணும் அதே வெளிச்சத்தில்தான் உழைக்கிறது. பிள்ளை தலைவலி என்றால் கண் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். அதோடு மேசை மேல் இருக்கும் விளக்கையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, மேசை விளக்கின் கீழ் ஒரு பேனாவை வேகமாக இடமும் வலமும் ஆட்டுங்கள். நல்ல விளக்கில் பேனா ஒரே புகைக்கோடாகத் தெரியும். துடிக்கும் விளக்கில் அடுத்தடுத்துப் பல பேனாக்கள் விசிறிபோல் விரியும். செல்போன் கேமராவில் ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் வசதி இருந்தால் அதை நொடியில் 4000-ல் ஒரு பங்காக வைத்து, வெளிச்சம் விழும் வெள்ளைத்தாளைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் விளக்கு துடிக்கிறது. பட்டை எவ்வளவு கறுப்போ அவ்வளவு மோசம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் குறைத்து வைத்தும் ஒரு முறை பாருங்கள். முழு வெளிச்சத்தில் ஒழுங்காக எரியும் விளக்கு, பாதி வெளிச்சத்தில் துடிக்கத் தொடங்குவது உண்டு. அணைத்து அணைத்து ஏற்றியே வெளிச்சத்தைக் குறைக்கும் உத்தியை அதில் வைத்திருப்பார்கள்.

வீடு முழுக்க எல்லா விளக்கும் ஒன்றாக மங்கிப் பளிச்சிட்டால் கோளாறு விளக்கில் இல்லை. நியூட்ரல் கம்பி தளர்ந்திருக்கலாம்; அப்போது வோல்டேஜ் தாறுமாறாக ஏறி ஃபிரிட்ஜ், டி.வி. எல்லாம் எரிந்துபோகலாம். மெயினை அணைத்துவிட்டு, நவி மும்பையில் இருப்பவர்கள் மின் விநியோக நிறுவனமான மகாவிதரணுக்கும், தாராவி, மாட்டுங்காவாசிகள் தங்களுக்கு மின்சாரம் தரும் பெஸ்ட்டுக்கும் சொல்ல வேண்டும். மின் புகாருக்கான எண் 1912. அங்கே தீராவிட்டால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி நுகர்வோர் குறைதீர் மன்றமும், அதற்கு மேல் மின்துறை ஆம்புட்ஸ்மனும் உண்டு.

இப்போது கடையில் என்ன விற்கிறது என்று பார்ப்போம். எல்.இ.டி. பல்பை ஏழை வீடு வரை கொண்டுபோன பெருமை 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்துக்கு உண்டு. 2014-ல் 310 ரூபாயாக இருந்த அரசுக் கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. கரண்ட் பில் குறைந்தது, நல்லதுதான். அந்த விலை இறக்கத்தின் பின்னாலேயே பேரும் ஊரும் இல்லாத சரக்கும் சந்தைக்குள் புகுந்துவிட்டது. 2017-ல் நீல்சன் நிறுவனம் மும்பை, டெல்லி, அகமதாபாத், ஐதராபாத் நகரங்களில் 200 மின்சாமான் கடைகளில் எடுத்த கணக்கின்படி, எல்.இ.டி. பல்பு பிராண்டுகளில் 76 சதவீதமும் டவுன்லைட்டர் பிராண்டுகளில் 71 சதவீதமும் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படாதவை. தயாரிப்பாளரின் முகவரிகூட இல்லாத பெட்டிகள் ஏராளம். நம் ஊரையும் சேர்த்து எடுத்த கணக்கு இது.

மலிவு விளக்கு ஒன்றைத் திறந்து பார்த்தால் காரணம் புரியும். ஒரு சிறிய அலுமினியத் தகடு, அதன்மேல் மஞ்சள் புள்ளிகளாக எல்.இ.டி.கள், நடுவில் நான்கு கால் ரெக்டிஃபையர், பக்கத்தில் கறுப்புச் சில்லு ஒன்று. மின்னூட்டத்தைத் தேக்கி இடைவெளியை நிரப்ப வேண்டிய கெபாசிட்டர் சுண்டுவிரல் நுனிகூட இருக்காது. சிலவற்றில் அதுவும் இல்லை. துடிப்பு அங்கேதான் பிறக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, இந்த வகைச் சுற்றில் எல்.இ.டி.க்கும் 230 வோல்ட் லைனுக்கும் நடுவே டிரான்ஸ்பார்மர் தடுப்பே இல்லை என்பது. மேல்மூடி உடைந்த விளக்கைத் தொட்டால் மெயின் லைனையே தொட்டது போலத்தான்.

வாங்குமுன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எல்.இ.டி. பல்பும் டிரைவரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் கட்டாயப் பதிவுக்கு உட்பட்டவை. பல்பில் ஐ.எஸ். 16102 என்றும், டிரைவரில் ஐ.எஸ். 15885 என்றும், கூடவே ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய பெயரில் பதிவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். எண் வேறொரு கம்பெனியின் பெயரைக் காட்டினால் அதே செயலியிலேயே புகார் கொடுக்கலாம். தயாரிப்பாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, புகார் எண் இவை பெட்டியில் இருப்பது கடைக்காரரின் தயவு அல்ல. சட்டமுறை எடையளவு விதிகளின் கட்டாயம்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாட்டுங்காவில் பட்டுப்புடவை எடுக்கப் போனவர்கள், புடவையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து பார்ப்பது சும்மா இல்லை. வெள்ளை எல்.இ.டி. என்பது நீல எல்.இ.டி.மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. அதில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. அதனால் அரக்குச் சிவப்பு பழுப்பாகத் தெரியும். குங்குமமும் மனிதத் தோலும் சோகை பிடித்தாற்போல் இருக்கும். நிறம் காட்டும் தரத்தை சி.ஆர்.ஐ. என்ற எண்ணால் சொல்கிறார்கள். 100 என்றால் முழுமை. கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 70, 80. அந்த எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரிதான், ஆழ்ந்த சிவப்பு அதில் சேராது. அதை ஆர்-9 என்று தனியாக அளக்கிறார்கள். சி.ஆர்.ஐ. 80 உள்ள விளக்கில் ஆர்-9 பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம். நூல் பொருத்தும் தையல்காரருக்கும், படம் வரையும் பிள்ளைக்கும் சி.ஆர்.ஐ. 95, ஆர்-9 குறைந்தது 80 என்று கேட்டு வாங்குவதுதான் சரி.

இந்தத் தரத்தில், துடிப்பும் இல்லாத மேசை விளக்கு கடையில் கிடைத்தாலும் விலை எட்டாது. அதனால் சோல்டரிங் தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரே ஒரு நிபந்தனை: 230 வோல்ட் பக்கம் கையே வைக்கக் கூடாது. மெயினிலிருந்து 24 வோல்ட்டுக்கு இறக்கும் வேலையை, பி.ஐ.எஸ். பதிவு எண் உள்ள, சதுரத்துக்குள் சதுரம் என்ற இரட்டைக் காப்புக் குறி போட்ட, ஒரு ஆம்பியர் அடாப்டரிடம் விட்டுவிடுங்கள். அதைத் திறக்காதீர்கள், அதன் வயரை வெட்டி மெயினோடு ஒட்டாதீர்கள். 24 வோல்ட் டி.சி. பக்கத்தில் உலர்ந்த கை தெரியாமல் பட்டாலும் உயிருக்கு ஆபத்து இல்லை.

அதற்கு அப்பால் வேலை எளிது. அலுமினியத் தகட்டில் பதித்த ஒரு வாட் உயர் சி.ஆர்.ஐ. எல்.இ.டி. ஆறு வேண்டும். நிச்சியாவின் ஆப்டிசாலிஸ், சியோல் செமிகண்டக்டரின் சன்லைக் போன்றவை இந்த ரகத்தில் பெயர்பெற்றவை. ஆறையும் தொடராக இணைத்தால் சுமார் 18 வோல்ட் எடுக்கும். அடாப்டருக்கும் இவற்றுக்கும் நடுவில் எல்.எம். 317 என்ற மூன்று கால் ஐ.சி. ஒன்றைப் போட்டு, அதன் அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் இடையே 4.7 ஓம், ஒரு வாட் ரெசிஸ்டர் வைத்து, அட்ஜஸ்ட் காலிலிருந்து எல்.இ.டி. வரிசைக்குக் கொண்டுபோக வேண்டும். 1.25-ஐ 4.7-ஆல் வகுத்தால் 266 மில்லி ஆம்பியர். அடாப்டரின் வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் இந்த மின்னோட்டம் அசையாது, துடிப்பும் எழாது. இரவில் மங்கலாக வேண்டும் என்றால் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஸ்விட்ச் மூலம் மாற்றிக்கொள்ளுங்கள், மின்னோட்டம் 125-க்கு இறங்கும். இது அணைத்து ஏற்றும் உத்தி இல்லை, மின்னோட்டத்தையே குறைப்பது. ஆகவே மங்கலிலும் துடிக்காது.

தவறு நேரும் இடங்கள் இரண்டு. ஒன்று சூடு. எல்.இ.டி.களை ஹீட் சிங்க் பசை தடவி ஓரடி நீள அலுமினியச் சட்டத்தில் திருகுங்கள், எல்.எம். 317-க்கும் சிறு ஹீட் சிங்க் அவசியம். அரை மணி எரிந்த பிறகு சட்டத்தில் விரலை வைத்துப் பொறுக்க முடியவில்லை என்றால் சட்டம் போதவில்லை என்று பொருள். இன்னொன்று, எல்.எம். 317-இன் உலோக முதுகு அதன் அவுட்புட் காலோடு உள்ளேயே இணைந்தது. மைக்கா தாள் வைக்காமல் சட்டத்தில் திருகினால் ஷார்ட் ஆகலாம். அரை ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். மூடிக்குப் பால் நிற அக்ரிலிக் போதும். காகிதமோ துணியோ வேண்டாம். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு விளக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும், அறை விளக்கும் சேர்ந்து எரிய வேண்டும். உதிரிப்பாகத்துக்கு மும்பையின் லாமிங்டன் ரோடு கடைகள் இருக்கவே இருக்கின்றன. எல்.இ.டி. வாங்கும்போது வாயால் சொல்லும் சி.ஆர்.ஐ.-ஐ நம்பாமல் கம்பெனியின் டேட்டா ஷீட்டைக் கேளுங்கள்.

நம் வீட்டுக்கு நாமே செய்துகொள்வது வேறு, விற்பது வேறு. நாலு பேர் நன்றாக இருக்கிறதே என்று சொன்னதும் இன்ஸ்டாகிராமில் போட்டு விற்க ஆரம்பித்தால் நீங்கள் சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளர். பதிவுப் பட்டியலில் உள்ள பொருளைப் பதிவில்லாமல் விற்பனைக்குச் செய்யக் கூடாது. யாருக்காவது ஷாக் அடித்தாலோ தீப்பிடித்தாலோ 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயம் உங்கள் மேல் பாயும்.

அதே சட்டம்தான் வாங்குபவருக்குக் காவல். கடையில் வாங்கிய விளக்கு துடிக்கிறது, பெட்டியில் போட்டிருந்தது ஒன்று உள்ளே இருந்தது ஒன்று, அல்லது ஷாக் அடித்தது என்றால் அதைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் சாட்சி போய்விடும். பில், பெட்டி, கேமராவில் பட்டை தெரியும் வீடியோ மூன்றையும் பத்திரப்படுத்தி முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் கொடுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம், மராத்தியும் இந்தியும் தடுமாறும் பெரியவர்களுக்கு இது பெரிய உதவி.

கடைசியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சான்பாடாவுக்கு அது தாணே மாவட்டம், தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் மும்பை நகரம், செம்பூருக்கு மும்பை புறநகர். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பரிசோதனைக் கூடத்துக்குப் பொருளை அனுப்பிச் சோதிக்கச் சொல்லும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் அடிப்படை ஒரு துண்டுச்சீட்டு. பில் இல்லாமல் பத்து ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்று சொல்லும் கடையில், தயவுசெய்து விளக்கு வாங்காதீர்கள்.