குடுவைக்குள் ஒரு குட்டிக்கரணம்!

வாருங்கள், இந்தக் குடுவைக்குள் எட்டிப் பாருங்கள்! தெளிந்த தண்ணீர்போல இருக்கிறதா? உள்ளே மேலியிக் அமிலம் கரைந்து கிடக்கிறது. கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கொதிக்க வைத்தாயிற்று. கண்ணை எடுக்காதீர்கள்... அதோ! பால் திரிந்தாற்போல வெள்ளை வெள்ளையாய்ப் படிகம்! ஆறக்கூட இல்லை, கொதிக்கும்போதே விழுகிறது! எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குக் கைதட்டத் தோன்றும்.

விழுந்தது ஃபியூமாரிக் அமிலம். பழபானப் பொடிக்குப் புளிப்பு, பாலியெஸ்டர் பிசினுக்கு மூலப்பொருள். மூலக்கூறில் ஓர் அணுகூடக் கூடவில்லை, குறையவில்லை! மேலியிக்கில் இரண்டு அமிலக் கைகளும் ஒரே பக்கம் நெருக்கியடித்து நிற்கும். நடுவிலுள்ள இரட்டைப் பிணைப்பு திரும்ப விடாது. வினையூக்கியான ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு கணம் ஒட்டி அந்தப் பூட்டைத் தளர்த்தும், ஒரு கை எதிர்ப்பக்கம் சுழலும், வினையூக்கி கழன்றுவிடும். அவ்வளவுதான்! 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் மேலியிக் 700 கிராமுக்கு மேல் கரையும். ஃபியூமாரிக் சுமார் 6 கிராம்தான். ஆகவே வேறு கரைப்பானே வேண்டாம், வடிகட்டினால் போதும்.

ஆலைகளில் வழக்கமாக வினையூக்கியாகக் கைகொடுப்பது தயோயூரியா. வேலையில் கெட்டி, ஆனால் புற்றுநோய் ஐயம் உள்ள பொருள். வாயில் போடும் புளிப்பில் அது எதற்கு? அழுத்தக்கலத்தில் கரைசலைக் கொதிநிலைக்கு மேல் சூடேற்றினால் வினையூக்கியே இல்லாமல் கை சுழன்றுவிடும்! கொஞ்சம் மட்டும் தண்ணீரோடு சேர்ந்து மாலிக் அமிலமாகிவிடும். அதுவும் ஆப்பிளின் புளிப்புதானே. சில பாக்டீரியாக்களின் மேலியேட் ஐசோமரேஸ் நொதியோ இதே வித்தையை இளஞ்சூட்டிலேயே செய்கிறது.

எனக்கு மிகப் பிடித்த காட்சி ஆலையின் கொல்லைப்புறத்தில். தாலிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருளைச் செய்யும்போது உடன்விளைவாக மேலியிக் அன்ஹைட்ரைடும் வெளிவாயுவில் வரும். அதைத் தண்ணீர் தெளித்துக் கழுவினால் அடியில் சேர்வது மேலியிக் அமிலக் கரைசல். கழிவாகச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டிய தண்ணீர்! அதையே பிடித்து, வடிகட்டி, சூடேற்றினால் மூட்டை மூட்டையாய் ஃபியூமாரிக். நம் ராணிப்பேட்டையில் திருமலை கெமிக்கல்ஸ் தாலிக் அன்ஹைட்ரைடு, ஃபியூமாரிக் இரண்டையும் தயாரிக்கிறது என்று தெரிந்தபோது துள்ளிக் குதித்தேன். படிகம் போக மிஞ்சிய தாய்க்கரைசலையும் கொட்ட வேண்டாம். மாறாமல் தங்கிய மேலியிக்கோடு அடுத்த கொதிப்புக்கு அதையே ஊற்றலாம்!