‘வலிதானே, ஒரு போன்ஸ்டான் போடு!’ - கர்ப்பிணிகள் கவனத்திற்கு

மாதவிடாய் வலிக்கு வாங்கிய போன்ஸ்டான் பல வீடுகளில் இரண்டு மூன்று மிச்சம் இருக்கும். கர்ப்பத்தில் இடுப்பு கடுத்தால் கை அங்கேதான் போகும். போன்ஸ்டான், புரூஃபென், வோல்டரன் மூன்றும் ஒரே வகை: வீக்கத்தையும் வலியையும் குறைப்பவை.

20 வாரத்துக்குப் பிறகு இவற்றைத் தவிர்க்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 அக்டோபரில் எச்சரித்தது. அந்தக் கட்டத்தில் பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். மாத்திரை குழந்தையின் சிறுநீரகத்தை மந்தமாக்கினால் நீர் குறையும். நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டும் ஊறும். 30 வாரத்தை நெருங்கும்போது இன்னோர் ஆபத்து: பிறந்த பிறகு மூட வேண்டிய, இதயத்தை ஒட்டிய இரத்தக் குழாய் வயிற்றிலேயே சுருங்கிவிடலாம்.

முதல் மாதங்களிலும் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். தெரியாமல் போட்டிருந்தால் தாதியிடம் மறைக்காதீர்கள். ஸ்கேனில் நீரளவைப் பார்க்க முடியும். சாதாரண வலிக்கு முதலில் பனாடோல். 500 மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. இரத்தக் கொதிப்பு வராமலிருக்க டாக்டர் தரும் குறைந்த அளவு ஆஸ்பிரின் வேறு விஷயம். இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள்!

பிரசவத்துக்குப் பின் நிலைமை மாறுகிறது. புரூஃபென் தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே கலக்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டுப் பால் கொடுக்கலாம்; பீய்ச்சிக் கொட்டத் தேவையில்லை. வலிக்கு ஆஸ்பிரின் மட்டும் வேண்டாம். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ள தாய்மார்கள் புரூஃபென் வாங்குமுன் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள்.

கர்ப்ப காலத்தில், தேய்க்கும் ஜெல்லானாலும் கேட்டுவிட்டே தேய்க்கவும்.