இளமையில் கேட்ட ஹெவி மெட்டல் இசையை நடுவயதில் மீளக் கேட்டல்: நினைவும் மறுவாசிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பதின்பருவத்தில் ஹெவி மெட்டல் இசையில் தோய்ந்தோர் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அதே குழுக்களிடம் திரும்பி வருவது மேலைநாடுகளில் பரவலாகக் காணப்படும் வழக்கமாகும். இதனைப் பழமை ஏக்கம் என்று மட்டும் கொள்வது போதுமா என்பது இக்கட்டுரையின் வினா. பிளாக் சாபத், மெட்டாலிக்கா, ஜூடாஸ் பிரீஸ்ட் ஆகிய மூன்று குழுக்களை முன்வைத்து, மீளக் கேட்டல் என்பது பனுவலை மறுவாசிப்புச் செய்வதை ஒத்த பொருள்கோள் செயல் என்பது இங்கு விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஹெவி மெட்டல், நினைவு மேடு, மீளக் கேட்டல், மெய்ப்பாடு, ஒலிப்பதிவு, பொருள்கோள்.

முன்னுரை

ஒரு நூலை இருபது வயதில் படிப்பதும் ஐம்பது வயதில் படிப்பதும் ஒன்றல்ல என்பதை இலக்கியம் பயில்வோர் அறிவர். எழுத்து அப்படியே நிற்க, படிப்பவர் மாறிவிடுகிறார். பதிவு செய்யப்பட்ட இசைக்கும் இது பொருந்தும். ஆயின் அங்கே மாற்றம் இன்னும் ஆழமானது. கேட்பவரின் அறிவும் அனுபவமும் மட்டுமன்றி, ஒலியை ஏந்திவரும் கருவியும், ஏன், கேட்கும் செவியுமே மாறிவிடுகின்றன.

1960களின் இறுதியில் இங்கிலாந்தில் ராக் இசையிலிருந்து கிளைத்த ஹெவி மெட்டல், ஒலிச்சிதைவு ஏற்றிய மின்கிட்டார், அழுத்தமான டிரம்ஸ், உரத்த குரல் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டது. நெடுங்காலம் கல்விப்புலம் இதனைப் பொருட்படுத்தவில்லை. 1991 இல் டீனா வைன்ஸ்டீன் சமூகவியல் நோக்கிலும், 1993 இல் ராபர்ட் வால்சர் இசையியல் நோக்கிலும் வெளியிட்ட நூல்களே இத்துறைக்கு அடித்தளமிட்டன. அந்நூல்கள் வெளிவந்த காலத்தில் பதின்பருவத்தில் இருந்த இரசிகர்கள் இன்று நாற்பது வயதைக் கடந்துவிட்டனர். அவர்கள் எதைக் கேட்கின்றனர் என்பது இப்போது எழுந்துள்ள வினா.

நினைவு மேடு

முதியோரிடம் தம் வாழ்க்கை நிகழ்வுகளை நினைவுகூரச் சொன்னால், ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரையிலான நிகழ்வுகளே மிகுதியாக வெளிப்படுகின்றன. உளவியலார் இதனை நினைவு மேடு என்பர். இசை விருப்பத்திலும் இத்தகைய மேடு உண்டு. மோரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் ஆகியோர் 1989 இல் வெளியிட்ட ஆய்வு, மக்கள் தம் 24ஆம் வயதையொட்டிப் புகழ்பெற்றிருந்த பாடல்களையே பிற்காலத்திலும் மிக விரும்புகின்றனர் எனக் கண்டது. பழகிய ஒன்று பழக்கத்தினாலேயே பிடித்துப்போகிறது என ராபர்ட் சயான்ஸ் 1968 இல் நிறுவிய கருத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

இவ்விளக்கங்கள் சரியானவையே, ஆனால் பாதி விளக்கங்கள். ஒருவர் ஏன் திரும்பி வருகிறார் என்பதை அவை சொல்கின்றன. திரும்பி வந்தவர் முன்பு கேட்காத ஒன்றை ஏன் கேட்கிறார் என்பதைச் சொல்வதில்லை.

அணங்கும் போரும்: பிளாக் சாபத்

பர்மிங்காம் நகரின் ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்த நால்வர் 1968 இல் தொடங்கிய குழு பிளாக் சாபத். ஏறத்தாழ ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட அவர்களது முதல் இசைத்தொகுப்பு 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. குழுவின் பெயரையே தாங்கிய அதன் முதற்பாடலில் மழையும் மணியோசையும் ஒலித்தபின் கிட்டார் நுழைகிறது. அது இசைப்பது மூன்று முழுச்சுர இடைவெளி கொண்ட, மேலைச் செவிக்கு அமைதியற்றதாகத் தோன்றும் ஒரு சுர இணைவு. இடைக்காலத் திருச்சபை இதனைச் சாத்தானின் இசை எனத் தடைசெய்தது என்றொரு கதை இரசிகரிடையே வழங்குகிறது. அதற்குத் தக்க சான்று இல்லை. கருநாடக இசையில் சட்ஜத்திற்கும் பிரதி மத்தியமத்திற்கும் உள்ள இடைவெளி இதுவே. 72 மேளகர்த்தா இராகங்களுள் 36 இல் பிரதி மத்தியமம் இடம்பெறுகிறது. கல்யாணியைக் கேட்டு அஞ்சுவார் எவருமிலர். எனவே அச்சம் அந்தச் சுர இணைவில் மட்டும் இல்லை. அது வைக்கப்பட்ட இடத்தில் இருக்கிறது.

பதினைந்து வயதில் இக்குழுவைக் கண்டடைந்த இரசிகர் பெரும்பாலும் பேயையும் சூனியத்தையும் கேட்டவர். தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்திற்கு உரிய களங்களில் ஒன்று அணங்கு. அந்த வயதின் கேட்டல் அணங்கால் பிறந்த அச்சத்தைச் சார்ந்தது எனலாம். அதே ஆண்டில் வந்த இரண்டாம் தொகுப்பின் முதற்பாடலான 'வார் பிக்ஸ்' சூனியக்காரிகளைப் பேசுவது போலத் தொடங்குகிறது. ஆனால் அது போரை ஏவிவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொள்ளும் அதிகாரத்தாரைப் பற்றியது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. நடுவயதில் மீளக் கேட்பவர் இங்கே அணங்கைக் காண்பதில்லை, கொலையைக் காண்கிறார். கொலை, தொல்காப்பியர் வெகுளிக்குச் சொல்லும் களங்களுள் ஒன்று. பாடல் மாறவில்லை. மெய்ப்பாடு அச்சத்திலிருந்து வெகுளிக்கு நகர்ந்திருக்கிறது. 1971 இல் வந்த மூன்றாம் தொகுப்பிலுள்ள 'ஆஃப்டர் ஃபாரெவர்' வெளிப்படையாகவே கிறித்தவ நம்பிக்கையைப் பேசும் பாடல் என்பதையும் பலர் பிற்காலத்தில்தான் கவனிக்கின்றனர்.

இதனினும் ஆழமான மாற்றம் கிட்டாரின் ஒலியைப் பற்றியது. டோனி அயோமி தம் 17ஆம் வயதில் ஒரு தகட்டுலோகத் தொழிற்சாலையில் பணியாற்றியபோது, வேலையின் கடைசி நாளில், எந்திரத்தில் சிக்கி வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆதலால் தந்திகளை அழுத்தும் கை அதுவே. தீயில் காயமுற்ற விரல்களோடு கிட்டார் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் அவருக்குக் கேட்கக் கொடுத்தார். அதன்பின் அயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல்நுனிக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைத் தேடி பாஞ்சோ தந்திகளைப் பயன்படுத்தினார். மூன்றாம் தொகுப்பில் பல பாடல்களுக்குக் கிட்டாரின் சுருதியை மூன்று அரைச்சுரம் தாழ்த்தினார். தந்தியின் இழுவிசை குறைந்ததால் விரலுக்கு வலி குறைந்தது, ஒலியோ கனத்தது. பின்வந்த பல குழுக்கள் அந்தக் கனத்தைத் தம் இலக்கணமாகக் கொண்டன.

இளம்வயதில் அந்த ஒலி வெல்லற்கரிய வலிமையின் ஒலியாகக் கேட்டது. தானே வேலைக்குச் சென்று, உடல் தளர்வதை உணரத் தொடங்கிய ஒருவருக்கு அது ஊனமுற்ற தொழிலாளி ஒருவரின் ஏற்பாடாகக் கேட்கிறது. இச்செய்தியை இளமையிலேயே அறிந்திருந்தோரும் உளர். ஆனால் அறிவதும் அதனைச் செவியில் உணர்வதும் வேறு வேறு.

கேட்காத ஒலி: மெட்டாலிக்கா

1986 செப்டம்பர் 27 அன்று சுவீடனில் நிகழ்ந்த பேருந்து விபத்தில் மெட்டாலிக்காவின் பேஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் தம் 24ஆம் வயதில் இறந்தார். அவரிடத்திற்கு ஜேசன் நியூஸ்டெட் வந்தார். அடுத்து 1988 இல் வெளிவந்த '…அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' தொகுப்பில் அவருடைய பேஸ் கிட்டார் ஏறத்தாழ கேட்பதே இல்லை. இறுதிக் கலவையில் அவ்வொலி குறைக்கப்பட்டதே காரணம்.

படியிலிருந்து படியெடுத்த ஒலிநாடாவில், இரைச்சலோடு, சிறிய ஒலிபெருக்கியில் கேட்ட பதின்பருவத்தார் பலருக்கு இக்குறை புலப்படவில்லை. அத்தகைய கருவியில் தாழ்சுரங்கள் எப்படியும் மங்கலாகவே ஒலிக்கும். தரமான ஒலிக்கருவிகள் கைக்கு வந்த பின்னரே, இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று இல்லை என்பது தெரிகிறது. வயதின் பங்கும் இதில் உண்டு. நடுவயதில் செவி முதலில் இழப்பது உயர் அதிர்வெண்களை. தாளத்தட்டுகளின் மினுமினுப்பு அடங்கும்போது கவனம் இயல்பாகவே கீழ்ப்பகுதியை நோக்கிச் செல்கிறது.

அந்த வெற்றிடம் இழப்பின் ஒலி என்றும், புதிதாக வந்தவரை ஏற்க மனமில்லாத துயரத்தின் அடையாளம் என்றும் இரசிகர் பொருள் கொள்கின்றனர். கலவைப் பணியின் நடைமுறைக் காரணங்களைப் பார்த்தால் இது சற்று மிகையான விளக்கமாகத் தோன்றலாம். எனினும் துயர் கண்ட ஒருவர் மட்டுமே இவ்விளக்கத்தைத் தேடிச் செல்வார் என்பதைக் கருதவேண்டும். இரசிகர் சிலர் பேஸ் ஒலியை உயர்த்தித் தாமே மாற்றுப் பதிப்புகளை உருவாக்கினர். 2018 இல் குழுவே வெளியிட்ட செம்மைப்படுத்திய பதிப்பிலோ பழைய கலவை அப்படியே விடப்பட்டது. சுவடியின் பிழையைத் திருத்துவதா, அப்படியே பதிப்பிப்பதா என்னும் பதிப்பியல் சிக்கலுக்கு இது அயலான ஒன்றன்று.

உடையின் பொருள்: ஜூடாஸ் பிரீஸ்ட்

கருந்தோல் ஆடை, இரும்புக் குமிழ்கள், சங்கிலி: ஹெவி மெட்டலின் சீருடையாக இன்று அறியப்படும் இத்தோற்றத்தை 1970களின் இறுதியில் நிலைநிறுத்தியவர் ஜூடாஸ் பிரீஸ்ட் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட். 1980களின் இளைஞர்கள் அதனை முரட்டு ஆண்மையின் அடையாளமாகக் கொண்டு தாமும் அணிந்தனர். 1998 இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் ஹால்ஃபோர்ட் தாம் தன்பாலீர்ப்பாளர் என வெளிப்படையாக அறிவித்தார். அத்தகைய ஆடைகள் தன்பாலீர்ப்பு ஆடவரின் தோலாடைப் பண்பாட்டில் முன்பே வழங்கியவை என்பதும் அதன்பின் பரவலாகப் பேசப்பட்டது.

இரசிகர் கூட்டம் அவரைக் கைவிடும் என்று அஞ்சப்பட்டது. பெருமளவில் அவ்வாறு நிகழவில்லை. 2003 இல் அவர் குழுவுக்குத் திரும்பியபோது வரவேற்கப்பட்டார். ஆண்மையைப் பறைசாற்றுவதாகக் கருதி அணிந்த உடை, மறைத்து வாழ நேர்ந்த ஒருவரின் தற்காப்பாகவும் இருந்திருக்கலாம் என்ற புரிதலோடு பழைய பாடல்களைக் கேட்பவருக்கு, தனிமையும் தப்பிச்செல்லலும் பேசும் வரிகள் வேறு கனம் பெறுகின்றன. மூன்று சான்றுகளுள் மறுவாசிப்பின் ஆற்றலை மிகத் தெளிவாகக் காட்டுவது இதுவே.

அஞ்சப்பட்ட தலைமுறை

இவ்விசையைக் கேட்கும் சிறார் சீரழிவர் என்ற அச்சம் 1980களில் அமெரிக்காவில் வலுத்திருந்தது. 1985 செப்டம்பர் 19 அன்று அந்நாட்டு செனட் குழு இதுகுறித்து விசாரணை நடத்தியது. பெற்றோர் அமைப்பொன்று கண்டனத்திற்குரியவை என வெளியிட்ட 15 பாடல்களுள் 9 ஹெவி மெட்டல் வகையைச் சார்ந்தவை. டிவிஸ்டட் சிஸ்டர் குழுவின் டீ ஸ்னைடர் அவ்விசாரணையில் சாட்சியமளித்து, வன்முறைப் பாடலெனக் குற்றஞ்சாட்டப்பட்ட தம் பாடல் ஒன்று உண்மையில் தொண்டை அறுவைச் சிகிச்சை குறித்த அச்சத்தைப் பற்றியது என்று விளக்கினார். பொருள்கோளின் பிழை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

அச்சிறார் என்ன ஆயினர்? டாஷா ஹோ தலைமையிலான உளவியலார் 1980களின் ஹெவி மெட்டல் இரசிகர், இசைஞர் முதலியோரை நடுவயதில் ஆராய்ந்து 2015 இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களது இளமை இடர் நிறைந்ததாகவே இருந்துள்ளது. ஆயினும் ஒப்பீட்டுக் குழுக்களைவிட அவர்கள் இளமையில் மகிழ்ச்சியாக இருந்ததாகவும், நடுவயதில் நன்கு பொருந்தி வாழ்வதாகவும் அவ்வாய்வு தெரிவிக்கிறது. தன்விருப்பால் முன்வந்தோரின் கூற்றுகளை நம்பிய ஆய்வு இது. வீழ்ந்தோரும் இறந்தோரும் வினாநிரலை நிரப்ப வருவதில்லை. அவ்வரையறையை மனங்கொண்டு பார்த்தாலும், ஒத்த சுவையுடையோர் கூட்டம் தந்த பாதுகாப்பு குறித்த அதன் கருத்து புறந்தள்ளத்தக்கதன்று.

ஆஸ்டனில் ஒரு நிகழ்ச்சி

2025 ஜூலை 5 அன்று, ஆஸ்டனிலுள்ள வில்லா பார்க் கால்பந்தாட்ட அரங்கில் பிளாக் சாபத்தின் இறுதி நிகழ்ச்சி நடைபெற்றது. மெட்டாலிக்கா உள்ளிட்ட குழுக்கள் அவர்களுக்கு முன் இசைத்தன. தொடக்கக்கால நால்வரும் ஒருசேர மேடையேறியது 2005க்குப் பின் அதுவே முதன்முறை. பார்க்கின்சன் நோயால் தளர்ந்திருந்த ஓசி ஆஸ்பர்ன் நிற்க இயலாமல் அரியணை போன்ற இருக்கையில் அமர்ந்தவாறே பாடினார். 'வார் பிக்ஸ்' அன்றும் இசைக்கப்பட்டது. பதினேழு நாள்கள் கழித்து, ஜூலை 22 அன்று, தம் 76ஆம் வயதில் அவர் மறைந்தார். அன்று மேடையில் 77 வயது அயோமியின் வலக்கை விரல்கள் இரண்டில், தொழிற்சாலை விபத்துக்குப்பின் அவர் கைக்கொண்ட அதே வகை உறைகள் இருந்தன.