வித்துக்குள் ஒரு செம்மஞ்சள்

ஜொகூரின் பண்டார் தெங்காராவைச் சூழ்ந்துள்ள செம்பனைத் தோட்டங்களில் பழக்குலைகளுக்குச் செம்மஞ்சள் நிறம் தருபவை கரோட்டினாய்டுகள் எனப்படும் நிறமிகள். சுத்திகரிக்கப்படாத செம்பனை எண்ணெயில் கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் வரை இருக்கும் இவை, எண்ணெயை வெளுக்கவும் மணம் நீக்கவும் ஆலைகளில் செய்யப்படும் பக்குவத்தில் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. இதே நிறமிக் குடும்பத்தைப் பாக்டீரியா சிலவும் ஆக்குகின்றன. அவற்றுள் சில, அந்நிறத்தைத் தம் வித்துகளிலும் ஏற்றி வைக்கின்றன.

உணவு வற்றும்போது பாசில்லஸ் பேரினப் பாக்டீரியா சமமற்ற இரு கூறுகளாகப் பிரிய, பெரிய கூறு சிறியதை உள்வாங்கிக்கொண்டு, அதைச் சுற்றிப் பல அடுக்கு உறைகளைக் கட்டி, உள்ளிருக்கும் நீரைப் பெருமளவு வெளியேற்றுகிறது. இவ்வாறு உருவாகும் அகவித்து, வறட்சியையும் கடும் சூட்டையும் தாங்கி நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, உணவு கிடைத்ததும் முளைக்கிறது. வெயிலைத் தாங்குவதில் நிறமிக்கும் பங்குண்டு: பாசில்லஸ் சப்டிலிஸ் வித்தின் உறையிலுள்ள செம்பு கலந்த நொதி பழுப்பு நிறமியை உண்டாக்குகிறது; அந்த நொதி இல்லாத வித்துகள் புறஊதாக் கதிர்பட்டால் எளிதில் மடிகின்றன.

செம்மஞ்சள் நிறத்துக்குச் சிறந்த சான்று பாசில்லஸ் இண்டிகஸ். மேற்கு வங்கத்தில் ஆர்சனிக் நஞ்சேறிய நிலத்தடி நீர்ப்படுகையின் மணலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, 2004இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்ட இதன் ஹெச்யு36 என்ற வகை, பின்னர் வியட்நாமில் மனிதக் கழிவிலிருந்தும் கிடைத்தது. செம்பனையின் கரோட்டினாய்டுகள் 40 கார்பன் அணுக்களால் ஆனவை என்றால், இதன் நிறமிகளுக்கு அடிப்படை 30 கார்பன் சங்கிலி. இரைப்பையின் நிலையை ஒத்த ஆய்வகச் சூழலில், இரும்பினால் கொழுப்பு கெட்டுப்போவதை இவை தடுத்தது, உணவு நிறமியாகும் தகுதிக்கு நல்ல அறிகுறி.

பாக்டீரியாவிலிருந்து நிறமி எடுக்கும் துறை ஜொகூருக்குப் புதிதன்று. ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வான் அஸ்லினா அகமது குழுவினர், அன்னாசி ஆலைக் கழிவுநீரின் சர்க்கரையை ஊட்டி, வித்து உண்டாக்காத குரோமோபாக்டீரியம் வயலேசியத்திலிருந்து வயலேசின் என்னும் ஊதா நிறமியைப் பெற்றுள்ளனர். கழிவிலிருந்து நிறம் எடுக்கும் இந்தக் கைத்திறனை வித்துப் பாக்டீரியாவுக்கும் நீட்டுவதே அடுத்து செய்யத்தக்க பணி. ஆயினும், உணவை நஞ்சாக்கும் பாசில்லஸ் செரியஸும் வித்து உண்டாக்கும் பாக்டீரியாவே என்பதால், ஒவ்வொரு வகையின் பாதுகாப்பையும் தனித்தனியே சோதித்து உறுதிசெய்யாமல் எந்த நிறமியையும் உணவில் சேர்க்கக் கூடாது.