உலகத் தோற்றமும் உள்ளத்துக் கொள்கையும்

கொடியேற்றம் படைத்தலையும் திருத்தேர் அழித்தலையும் குறிக்கும் என்பர் பெரியோர். ஆதலின் உலகத் தோற்றம் பற்றிச் சிறிது சிந்திப்பது இவ்விழாவிற்குப் பொருந்துவதேயாம்.

உலகம் எவ்வாறு தோன்றிற்று என்பார்க்கு விடை கூறுவோர், தம் சமுதாயக் கருத்தையும் சமயக் கருத்தையும் தம்மை அறியாமலே அவ்விடையிற் கலந்துவிடுகின்றனர். இது சமயவாதிகட்கே உரியதன்று, விஞ்ஞானிகட்கும் பொதுவாம்.

அண்டம் மாறாதது என்பதே 1917-இல் பலர் எண்ணம். ஐன்ஸ்டீனுடைய சமன்பாடுகளோ அதற்கு இணங்கவில்லை. ஆகவே அவர் மாறிலி ஒன்றைச் சேர்த்து அண்டத்தை நிறுத்தினார். 1927-இல் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார் லெமைத்ர், அண்டம் விரிகின்றது என்றார். 1931-இல் அஃது ஆதி அணுவினின்று தோன்றிற்று என்றார். பாதிரியார் தம் வேதத்தை விஞ்ஞானத்திற் புகுத்துகின்றார் என ஐயுற்றோர் உளர். ஹாயில், போண்டி, கோல்டு ஆகிய மூவரும் 1948-இல், அண்டத்திற்குத் தொடக்கமே இல்லை, விரியும் வெளியிற் புதுப்பொருள் தோன்றிக்கொண்டே இருக்கும் என்றனர். 1951-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், விரிவுக் கொள்கை படைப்புக்குச் சான்றென மகிழ்ந்துரைத்தார். லெமைத்ர் மகிழ்ந்தாரோ எனின், இல்லை. தம் கொள்கை சமயத்திற்குச் சார்பும் அன்று, பகையும் அன்று என்பதே அவர் துணிபு. 1965-இல் பென்சியாஸ், வில்சன் என்பார் கண்ட நுண்ணலைக் கதிர்வீச்சுப் பற்றிய செய்தி வெளியாயிற்று. வழக்கைப் பெரிதும் தீர்த்தது அச்சான்றே. எவர் சமயமும் அன்று.

இதனை ஈண்டுக் கூறுவதேன்? நாமும் அப்பிழை செய்துள்ளோம். ‘விஞ்ஞானம் இன்று கண்டதை நம் ஆகமம் அன்றே சொல்லிற்று’ என விழா மேடைகளில் முழங்கிக் கைதட்டல் பெற்றதுண்டு. ஒருநாள் இளைஞர் ஒருவர் எழுந்து, ‘ஐயா, நாளை விஞ்ஞானம் மாறினால் ஆகமமும் மாறுமோ?’ என வினவினார். விடை கூற இயலாது நாணி நின்றோம்.

சித்தாந்தம் கூறுவதுதான் யாது? குடத்திற்கு மண் போல மாயை முதற்காரணம். தண்டசக்கரம் போலச் சத்தி துணைக்காரணம். குயவன் போல இறைவன் நிமித்த காரணம். இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்பது அதன் அடிப்படை. இவ்வுவமையும் நம் சமுதாயம் தந்ததே. சக்கரம் சுழலும் ஊரிற் பிறந்தமையின் குயவனைக் காட்டினோம். உவமை ஊருக்கு ஊர் வேறுபடலாம். அதனாற் பொருள் வேறுபடாது.

அண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு என்கின்றனர் அறிஞர். கேட்டு வியப்போம். எப்பொழுது, எவ்வாறு என்பன அவர்தம் வினாக்கள்; யார் பொருட்டு என்பது நம் வினா. உயிர்கள் மலம் நீங்கி வீடுபெறுதற் பொருட்டே படைப்பு என்பது நம் விடை. அவ்விடைக்குப் பிறர் சான்றிதழ் வேண்டா. தேர்வடம் பற்றும் கைகளில் ஆணவம் சிறிது தளருமாயின், அதுவே சான்றாம்.

திருச்சிற்றம்பலம்.