மைசூர் வாசுதேவாசாரியார்: திருவையாற்றில் விளைந்த மைசூர்ச் சங்கீதம்

‘சங்கராபரணம்’ என்ற தெலுங்குத் திரைப்படம் 1980-ஆம் ஆண்டு வெளிவந்து, தமிழ்நாட்டிலும் மொழிபேதம் பாராமல் மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று கண்ட காலத்தில், அதில் இடம்பெற்ற ‘ப்ரோசேவாரெவருரா’ என்னும் கமாஸ் ராகக் கீர்த்தனத்தை முணுமுணுக்காத வாயே இல்லை எனலாம். ஆயினும் அதைத் தியாகராஜ சுவாமிகள் இயற்றியதென்றே கொள்வோர் இன்றும் உண்டு. சாகித்யத்தையும் வர்ணமெட்டையும் தாமே அமைத்து, தாமே மேடையில் பாடியும் வந்த அதன் கர்த்தா, 1865-ஆம் ஆண்டு மே 28-ஆம் தேதி மைசூரில் பிறந்த வாசுதேவாசாரியார். மேற்சொன்ன மயக்கம் காரணமில்லாமல் எழுந்ததன்று.

இளமையிலேயே தந்தையை இழந்து, தாய்வழிப் பாட்டனாரின் ஆதரவில் வளர்ந்த அவர், மைசூர் சமஸ்கிருத பாடசாலையில் காவிய வியாகரணங்களைக் கற்றுக்கொண்டே, சமஸ்தான வித்துவான் வீணை பத்மநாபையாவிடம் சங்கீத அப்பியாசமும் செய்துவந்தார். இவ்வாலிபரின் திறமையைக் கண்ட மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார், அரண்மனைச் செலவிலேயே அவரைத் திருவையாற்றுக்கு அனுப்பி, பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் குருகுலவாசம் செய்யும்படி ஏற்பாடு செய்தார். வீணைக்குப் பேர்போன வித்துவான்கள் தம் ஆஸ்தானத்திலேயே நிறைந்திருக்க, வாய்ப்பாட்டின் நுட்பத்துக்குக் காவிரிக்கரையை நாட வேண்டும் என்று ஓர் அரசர் நினைத்தாரே, அந்த விவேகத்தை வியக்காமலிருக்க முடியவில்லை. பட்டணம் சுப்பிரமணிய ஐயரோ தியாகராஜரின் நேர்ச்சீடரான மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரிடம் பயின்றவர். பேகடை ராகத்தை அவர் விஸ்தரித்துப் பாடும் அழகுக்காகப் ‘பேகடை’ சுப்பிரமணிய ஐயர் என்றே ரசிகர்கள் அவரை அழைத்தனர். ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரும் டைகர் வரதாசாரியாரும் அவருடைய சீடர்களே என்றால், அந்த வீட்டுத் திண்ணையின் பெருமையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, தாய்மொழி கன்னடமாயிருந்தும், ஆசாரியார் இயற்றிய ஏறத்தாழ 200 உருப்படிகளுள் பெரும்பாலானவை தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் அமைந்ததில் விநோதமில்லை. கற்ற வழி எதுவோ அதுவே படைக்கும் வழியும் ஆயிற்று. விநோதம் மற்றொரு பக்கத்தில் இருக்கிறது: திருநெல்வேலிச் சீமையிலிருந்து மைசூர் ஆஸ்தானத்துக்கு வந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் விருப்பத்துக்கிணங்கச் சாமுண்டேசுவரியின் மீது 108 கன்னடக் கீர்த்தனங்களை அமைத்தார்!

முன்சொன்ன கமாஸ் கீர்த்தனத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் ஆசாரியாரின் கைத்திறன் விளங்கும். இராமனையன்றித் தமக்கு வேறு கதியில்லை என்று முறையிடுகிற அந்தப் பாட்டின் சரணத்தில், தன்மேல் அபிமானம் இல்லையோ என்று கேட்டு, அனுமனால் பூசிக்கப்பட்டவனே என விளித்து, முடிவில் கஜேந்திரனைக் காத்த வாசுதேவன் நீயேயன்றோ என்று கொண்டுவந்து நிறுத்துகிறார். அங்கே தெய்வத்தின் நாமமும் பாடியவரின் முத்திரையும் ஒன்றாகி விடுகின்றன. முத்திரை வைப்பதற்கென்று ஓரடியைத் தனியே இழுத்துக் கட்டும் சிரமம் அதில் சிறிதும் தெரியவில்லை. அதைத் தொடர்ந்து வரும் சிட்டைஸ்வரமோ, பாடுபவருக்கும் கேட்பவருக்கும் ஒருங்கே குதூகலம் தருவது. கச்சேரியில் அந்த இடம் வரும்வரை சபையோர் காத்திருப்பதைப் பலரும் கண்டிருக்கலாம். என் அபிப்பிராயத்தில், அவருடைய சமஸ்கிருத உருப்படிகளில் கம்பீரம் அதிகம். ஹிந்தோளத்தில் அமைந்த ‘மாமவது ஸ்ரீ சரஸ்வதி’யும், ஆபேரியில் அமைந்த ‘பஜரே ரே மானஸ’வும் போதிய சாட்சி. ஆனால் மனத்தை உடனே பற்றிக்கொள்ளும் சரளம் தெலுங்கில்தான் அவருக்குக் கைவந்தது.

உடையார் மரபில் மூன்று அரசர்களின் காலத்தையும் அவர் கண்டார். அவரிடம் பாடங்கேட்ட ஜயசாமராஜ உடையார் தாமே வாக்கேயக்காரராகி 94 கீர்த்தனங்களை இயற்றினார். சென்னை மியூசிக் அகாடமி 1935-இல் ஆசாரியாரைச் சங்கீத கலாநிதியாகக் கௌரவித்தது. பத்மபூஷண் விருது 1959-இல் வந்தது. கௌரவங்களைக் காட்டிலும் நமக்கு உபயோகமானது, தாம் கண்ட வித்துவான்களைப் பற்றி அவர் கன்னடத்தில் எழுதிய ‘நா கண்ட கலாவிதரு’ என்னும் நூல். சங்கீத வித்துவான்களில் பாடத் தெரிந்தவர் பலர். பிறருடைய பாட்டை வசனத்தில் எழுதி வைக்கத் தெரிந்தவர் அரியர்.

எண்பது வயதைத் தாண்டிய பின், ஓய்வென்று மைசூரில் அமராமல், ருக்மிணி தேவி அருண்டேலின் அழைப்பை ஏற்றுச் சென்னைக் கலாக்ஷேத்திரத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். வால்மீகியின் சுலோகங்களைக் கொண்டு ருக்மிணி தேவி அமைக்க நினைத்த இராமாயண நாட்டிய நாடக வரிசைக்கு இசையமைப்பதே அவர் ஏற்ற பெரும் பணி. அதில் முதலாவதான ‘சீதா சுயம்வரம்’ 1955-இல் அரங்கேறியது. பாடசாலையில் கற்ற சமஸ்கிருதமும் திருவையாற்றில் கற்ற சங்கீதமும் ஒருமிக்கப் பயன்பட்ட இந்த வேலையை முற்றுவிக்கும் முன்னரே, 96 வயது நிறைய 11 நாட்களே எஞ்சியிருந்தபோது, 1961-ஆம் ஆண்டு மே 17-ஆம் தேதி அவர் காலமானார். மீதமிருந்த பகுதிகளுக்கு மெட்டமைத்து அவ்வரிசையைப் பூர்த்தி செய்தவர், பின்னாளில் கலாக்ஷேத்திரத்தின் இயக்குநராகவும் இருந்த அவருடைய பேரர் எஸ். ராஜாராம்.